பிக்கப் அண்ணனின் பின் சீட்டு

ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் குந்தியிருக்கிறார். வண்டி நின்ற இடத்திலேயே தடதடக்கிறது. அந்த வழியாகப் போகிறவர் யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கை மட்டும் உயர்ந்து ‘இரு’ என்கிறது. பல் துலக்குவதற்கு முன்பே இந்தப் பரிசோதனை முடிந்தாக வேண்டும். முடிந்ததும் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, எதிரில் இருப்பது பேப்பர்காரரோ பூனையோ, அதனிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. பிக்கப்தான் பத்தல.”

அதனாலேயே தெருவில் அவர் பிக்கப் அண்ணன். மச்சான்களுக்குப் பிக்கப் மாமா. மாமியார் மட்டும் முகத்துக்கு நேரே மாப்பிள்ளை என்பார். தலை மறைந்ததும் அவருக்கும் பிக்கப்தான்.

பிழைப்பு, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது. நாளெல்லாம் ஈரக் கல்லில் கண்ணாடியைச் சுழற்றிச் சுழற்றி விரல்நுனிகள் வெளுத்துக் கிடக்கும். வாடிக்கையாளர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கும்போது பின்னறைத் திரையை விலக்கி எட்டிப் பார்த்துக் கேட்பார்: “எப்படி இருக்கு, பிக்கப் தெரியுதா?” அவர்களும் ஏதோ கடைப் பாஷை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

வண்டி அவரைவிட மூத்தது. ஓர் அச்சகத்தின் பின்கட்டில் பழைய காகிதக் கட்டுகளோடு எடைக்குப் போகவிருந்ததை வழிமறித்து வாங்கினார். ஓட வைத்ததோடு விட்டிருந்தால் அவர் பிக்கப் அண்ணன் ஆகியிருக்கமாட்டார். அதை வேகமாக ஓட வைக்க வேண்டும், அதுவும் கையைக் கடிக்காமல். “காச அள்ளிக் கொட்டுனா கழுதைகூட ஓடும். இருக்கறத வெச்சு ஓட்டிக் காட்டணும், அதுலதான் இருக்கு,” என்பது அவருடைய வேதம்.

வேதப்படி நடக்கவும் செய்தார். கிழிந்த மெத்தையின் பஞ்சுத் தகட்டை வெட்டி எண்ணெயில் தோய்த்து ஏர் ஃபில்டர் செய்தார். உடைசல் கடையில் பொறுக்கிய பெரிய துளை ஜெட்டைப் போட்டு, கார்புரேட்டருக்குக் கொஞ்சம் தாராளமாகப் பெட்ரோல் குடிக்கக் கற்றுக்கொடுத்தார். இன்ஜினுக்குள் காற்று போகும் துவாரத்தை, கடையில் லென்ஸுக்கு மெருகேற்றும் பசையாலேயே தேய்த்துத் தேய்த்து, உள்ளே எட்டிப் பார்த்தால் மூக்கு தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினார். கடை முதலாளி அவர் ஏதோ சிரமமான பவர் லென்ஸில் மூழ்கியிருப்பதாக நினைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். சைலன்சரின் உள்குழாயை உருவிய வாரத்தில் மட்டும் எதிர்வீட்டம்மா தொட்டில் குழந்தையோடு வந்து வாசலில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. குழந்தைதான் பேசியது. அன்று மாலையே உள்குழாய் திரும்பப் போய்விட்டது.

எல்லாவற்றிலும் அவர் அதிகம் பீற்றிக்கொண்டது பின்சக்கரத்து வேலையை. புறவழிச் சாலையில் ஒருநாள் புது வண்டிக்காரன் ஒருவன் ஒரு கையால் கைக்குட்டையை மடித்துக்கொண்டே அவரை முந்திப் போய்விட்டான். அது அவருக்குப் பொறுக்கவில்லை. பின்சக்கரத்தில் செயின் சுற்றும் பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பல் குறைந்த சிறிய சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார். அதற்குப் பிறகு சமதரையில் வண்டி பறந்தது. மூக்குக்கண்ணாடி கழன்று விழாமலிருக்கக் கயிறு கட்டிக்கொண்டு ஓட்டினார்.

சமதரையில் பறந்த வண்டி மேட்டில் படுத்துக்கொண்டது.

அவருடைய மனைவி மேட்டு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்பதற்காகவே அவள் பணியில் இருக்கும் வேளை பார்த்து வருகிற நோயாளிகள் உண்டு. பூசினாற்போல் இருந்த உடம்பு, மகள் கல்லூரிக்குப் போகும் வயதில் இன்னும் கொஞ்சம் கனத்திருந்தது. தினமும் காலையில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் கடைக்குப் போவார். மேட்டின் பாதியில் வண்டிக்கு இரைக்கும். முதல் கியரில் முனகும். அவள் அவர் தோளைத் தொட்டு, “நிறுத்துங்க, நடந்தே வந்துடறேன்” என்று இறங்குவாள். அவர் ஊர்ந்தபடி கூடவே வருவார். பின்னால் வருகிற ஆஸ்பத்திரி வேனில் அவளோடு வேலை செய்யும் நர்ஸுகள் கையசைப்பார்கள். அவளும் அசைப்பாள். சில வாரங்களில் பாதி மேட்டில் இறங்கியவள் அடிவாரத்திலேயே இறங்கத் தொடங்கினாள்.

அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. வண்டியின் மானம்தான். மனைவியின் மானம் ஒன்று இருப்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் ஒர்க்‌ஷாப்பில் பேச்சு வந்தது. மெக்கானிக், பஞ்சர் ஒட்ட வந்த இருவர், வெட்டிக்கு உட்கார்ந்திருக்கும் பக்கத்து டெய்லர். “ஊர் வண்டிக்கெல்லாம் ஐடியா சொல்றீங்க, உங்க வண்டி மேடு ஏற மாட்டேங்குதாமே?” என்றார் டெய்லர். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“வண்டியில ஒரு குறையும் இல்லப்பா,” என்றார் பிக்கப் அண்ணன். “பின்னாடி ஏத்தற மூட்டை அப்படி. லாரிய வெச்சாலும் லாரி அழும்.”

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. டெய்லர் தொடையைத் தட்டினார். தானும் சிரித்துக்கொண்டு திரும்பியவர், டயர் அடுக்குக்குப் பக்கத்தில் மனைவி நிற்பதைப் பார்த்தார். கையில் அவருடைய செல்போன்.

“வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்க. கடைக்காரர் கூப்பிட்டுட்டே இருக்காரு,” என்று கொடுத்தாள். மெக்கானிக்கிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தாள். போய்விட்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்று அவருடைய அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். சொல்லைக் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தார்.

வீட்டில் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். மறுநாள் காலை அவர் கிக்கரை உதைத்தபோது, “நான் பஸ்ல போயிக்கறேன். உங்களுக்கும் கடைக்கு நேரமாகுது,” என்றாள். அதற்கடுத்த நாளும் பஸ்தான். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தட்டு மட்டும் சீக்கிரம் கழுவப்பட்டது. மொட்டை மாடிக்கு ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

“அம்மா ஏன்ப்பா இப்படிப் பட்டினி கெடக்கறாங்க?” என்று மகள் கேட்டாள். “கேட்டா, உடம்ப குறைக்கணும்னு டாக்டர் சொன்னாருங்கறாங்க. எந்த டாக்டர்?”

“எனக்கென்னம்மா தெரியும்,” என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடினார். செருப்பு காலில் இருந்தது.

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் புழங்கியதில்லை. கைக்குத் தெரிந்தது ஸ்பேனர்தான். வண்டி அவளோடு மேடு ஏறிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். ஜெட்டை மாற்றினார். பிளக்கை மாற்றினார். ஏற்கெனவே பளபளத்த துவாரத்தை மறுபடி தேய்த்தார். தேய்த்ததைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. யாரைக் கூப்பிட்டுப் பின்னால் உட்காரச் சொல்வது? கட்டடம் நடக்கும் இடத்தில் கேட்டு, ஒரு சாக்கில் மணலை வாரி, பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டினார். கட்டும்போது கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு முடிச்சை இறுக்கினார்.

மேட்டின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. நின்றது மட்டுமல்ல, திணறித் துள்ளியதில் படீரென்று செயின் அறுந்தது. பின்னோக்கி உருளத் தொடங்கிய வண்டியைப் பிரேக் பிடித்து, கால் ஊன்றி, உடம்பால் அணைத்து நிறுத்தினார். சாக்கு ஒருபக்கம் சரிந்து தொங்கியது. பின்னால் ஹாரன் அடித்தபடி பஸ் வந்து, அவரைச் சுற்றிப் போக இடமில்லாமல் நின்றது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மூன்றாவது ஜன்னலில் அவள்.

அவள் அவரைப் பார்த்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். அதில் கட்டியிருந்த மூட்டையைப் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, அதைச் சும்மா சொல்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தார். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். அவசரத்தில் முடிச்சு இன்னும் இறுகியது. பஸ் எப்படியோ ஒதுங்கிப் போனது. அந்த மணலை அவர் அங்கேயே கொட்டவில்லை. மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே கீழே இறங்கினார். வழியில் பார்த்தவர்கள் “என்னண்ணே, பிக்கப் இல்லியா?” என்று கேட்டபோது தலை நிமிரவில்லை.

உதிரிபாகக் கடையில் அவருடைய சிறிய பல் சக்கரத்துக்கு ஏற்ற செயின் இல்லை. செயினும் சக்கரமும் சேர்ந்த செட்டாகத்தான் கிடைத்தது. வண்டியோடு முதலில் பிறந்த அதே அளவு. வேறு வழியில்லாமல், வேகம் போச்சே என்று முனகிக்கொண்டு மாட்டினார். அடுத்த நாள், அவள் பஸ் போன பிறகு, மூட்டை கட்டிய வண்டியை மேட்டுக்கு விட்டார். வண்டி ஏறியது. இரண்டாவது கியரில், முனகாமல், மாடு தொழுவத்துக்குப் போவது மாதிரி தன்பாட்டுக்கு ஏறிப்போய் ஆஸ்பத்திரி மதிலோரம் நின்றது.

அவர் இறங்கவில்லை. பல் குறைந்தால் ஓட்டம் கூடும், இழுவை குறையும். இது சைக்கிள் ஓட்டுகிறவனுக்கும் தெரிந்த சங்கதி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் கூடத்தைக் கோணலாகக் கட்டியதே தான்தான் என்பதை மறந்துவிட்டு, கட்டிக்கொண்டவளைக் குறை சொல்லியிருக்கிறார். கடைக்குப் போகவில்லை. நேரே உள்ளே போனார்.

ரத்தம் எடுக்கும் அறையில் வரிசை இருந்தது. வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நிமிராமலே, “சீட்டக் குடுங்க” என்று கை நீட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“சீட்டு இல்ல,” என்றார்.

“சீட்டு இல்லாம ரத்தம் எடுக்கறதில்ல.”

“ஒரு விஷயம் சொல்லணும். தப்பு என்னுது. ஸ்பீடுக்காகப் பின்சக்கரத்துல பல்ல குறைச்சுட்டேன். அதான் மேட்டுல இழுக்கல. இப்ப மாத்திட்டேன், சும்மா ஜம்முனு ஏறுது. உன்னால இல்லம்மா.”

அவள் பஞ்சை எடுத்து மேசையைத் துடைத்தாள். வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“ஒருவேளை என் கனம்தான் காரணம்னு தெரிஞ்சிருந்தா, இப்படி வந்து சொல்லியிருப்பீங்களா?”

இத்தனை நாள் இன்ஜினுக்குள் கைவிட்டுத் துழாவியது இதைத் தேடித்தானா என்று அவருக்குத் தோன்றியது. தப்பு வண்டியில் இருந்ததா, உடம்பில் இருந்ததா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தப்பு இருந்த இடம் அவருடைய வாய்.

“அடுத்தவங்க வாங்க,” என்றாள் அவள்.

கடைக்குப் போகிற வழியில் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார். மெக்கானிக்கும் டெய்லரும் இருந்தார்கள். “அன்னிக்கு என் வீட்டம்மாவப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது பேச்சே இல்ல. சொல்லியிருக்கக் கூடாது,” என்றார்.

“எதண்ணே?” என்றார் டெய்லர். நிஜமாகவே நினைவில்லை. மெக்கானிக்கும் உதட்டைப் பிதுக்கினார். சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். அது என்னவென்று அவரே மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக, இந்த முறை யாரும் சிரிக்காமல். சொல்லி முடித்ததும் டெய்லர் தரையைப் பார்த்துக்கொண்டு, “நானும்தான் சிரிச்சேன்,” என்றார்.

மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மணல் மூட்டையை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு, பின்சீட்டை ஈரத்துணியால் துடைத்திருந்தார். அவள் வெளியே வந்தாள். ஏறு என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி இன்னும் வரவில்லை என்று பட்டது. அவள் சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“நடந்து வரேன்,” என்றாள். “கால் நீட்டி நடக்கணும்போல இருக்கு.”

“சரிம்மா.”

நாலடி போனவள் நின்று திரும்பி வந்தாள். தோளில் இருந்த கைப்பையைக் கழற்றி அவரிடம் நீட்டிவிட்டு, முன்னால் நடக்கத் தொடங்கினாள். அவர் இன்ஜினைக் கிளப்பவில்லை. பையை ஹேண்டில்பாரில் மாட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, அதைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டியைத் தள்ளியபடி அவள் பின்னால் இறங்கினார்.