தனியாக வரச் சொன்ன ஷைனி

திட்டம் போடுவதில் ஷைனியைக் குறை சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் எச்.ஆர். வேலை பார்த்துவிட்டு, சென்னை லீக்கில் ஆடும் ஒரு சின்ன கால்பந்து கிளப்புக்கு அதே வேலைக்கு வந்தவள். வந்த மூணாம் மாசமே முதலாளி அமானுல்லாவிடம், "வருஷா வருஷம் வெளியிலேர்ந்து ஆளைக் கூட்டியாந்தா எப்படி சார்? இருக்கறவங்கள வளர்த்து உடுவோம்" என்றாள். அவர் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் பண்ணுகிற மனுஷன். சரக்குக்கு வெளியூரையே நம்பிக் கிடந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? சரி என்றுவிட்டார்.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு தாள் போட்டாள். வயசு, காயம், என்ன வரும், என்ன வராது, ரெண்டு வருஷம் கழித்து ஆள் என்னவாக ஆகலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். அவளுக்கு ரொம்பப் பிடித்தது வரதன் தாள். ஆரம்பாக்கத்துக்காரர், முப்பத்திரண்டு வயசு, தடுப்பாட்டக்காரர். முட்டி தேய ஆரம்பித்துவிட்டது. ஆனால் பந்து எங்கே வரும் என்று பக்கத்தில் நிற்பவனுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற பக்குவம் இருக்கிறதே, அது யாருக்கும் வராது. கிளப் செலவில் அவரைப் பயிற்சியாளர் படிப்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள். பேர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் அவரிடம் போய், "வரதன், நாளைக்குக் காலைல ஆபீஸ் ரூமுக்கு வாங்க. தனியா வாங்க, பேசணும்" என்றாள். மகராசி, அதையாவது கொஞ்சம் சிரித்த முகமாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் வரதன் ஒரு துணிப்பையோடு வந்தார். துவைத்து மடித்த ரெண்டு ஜெர்சி, பூட்ஸ், அடையாள அட்டை, எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். கூடவே ராஜினாமாக் கடிதம்.

"நீங்க சொல்ல சங்கடப்படுவீங்கன்னு நானே எழுதிக்கினு வந்துட்டேன் மேடம். காண்ட்ராக்டர் சுப்பிரமணி அண்ணன்கிட்ட சொல்லி வச்சிட்டேன். திங்கக்கிழமை கம்பி மில்லுல சேர்றேன்."

ஷைனிக்கு அப்போதுதான் உறைத்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் நல்ல சேதி என்றால் ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லார் முன்னாலும் சொல்வார்கள். ஆளை நிறுத்துவது என்றால்தான் தனியாக ரூமுக்குக் கூப்பிடுவார்கள். அவள் அப்பா அந்தோணியையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஏன், எச்.ஆர். நாற்காலியில் உட்கார்ந்து அவளே எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறாள். அது எப்படி மறந்துபோனது? தன்மேலேயே அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

படிப்பைப் பற்றிச் சொன்னாள், விண்ணப்பத்தைக் காட்டினாள். வரதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேனாவை மட்டும் தொடவில்லை.

"மூணு கம்பெனில பாத்துட்டேன் மேடம். நல்லா பேசித்தான் அனுப்புவாங்க. எனக்கு உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல."

இனி அந்த ரூமில் உட்கார்ந்து அவள் என்ன பேசினாலும் எடுபடாது. விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாள், "என்கூட வாங்க" என்றாள், விறுவிறுவென்று மைதானத்துக்கு நடந்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த இருபது பேரையும் நிறுத்தி, அவர்கள் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னாள். வரதனைப் பயிற்சியாளர் படிப்புக்குக் கிளப் அனுப்புகிறது, முடித்து வந்ததும் புதுசாக வரும் தடுப்பாட்டக்காரர்கள் எல்லாரும் அவர் பொறுப்பு, அதுவரை சம்பளம் நிற்காது.

கோல்கீப்பர் முஜீப்தான் முதலில் கை தட்டினான். "நம்ம அண்ணன் ரெண்டு வருஷமா அந்த வேலையத்தான செஞ்சிகினு இருக்குது, அதுக்கு இன்னாத்துக்கு மேடம் படிப்பு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் குனிந்து கொடுத்த முதுகிலேயே தாளை வைத்து வரதன் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது. யாரும் கிண்டல் பண்ணவில்லை.

அப்புறம் ஓரமாகப் போய் போன் போட்டார்.

"சுப்பிரமணி அண்ணே, திங்கக்கிழமைக்கு வேற ஆளு பாத்துக்கங்க. கோச்சுக்காதீங்க. இல்லண்ணே, அனுப்பல." மைதானத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "என்னைய இருக்கச் சொல்லிட்டாங்கண்ணே."