முதுகு மட்டும் குளிரவில்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரசர் பரஞ்சோதி பொய்யே பேசாதவர் என்று சொல்ல வரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவர் தினமும் பொய் சொன்னார். அதனால்தான் பல பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் இந்த ஒரு சங்கதியைச் சொல்லும்போது மட்டும் எழுந்து போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

1944, ஜனவரி மாதம். மலாயாவில் சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே இருந்த சின்ன ஆஸ்பத்திரியை டிரசர் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் இரண்டு வருஷமாகியிருந்தது. துரை விட்டுப்போன மோட்டார் சைக்கிள், பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி வைத்தது, டிரசர் கைக்கு வந்துவிட்டது. குருண் வரைக்கும் பல தோட்டங்களில் காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போக வேண்டுமென்பதால் ஜப்பான்காரனே பாஸ் கொடுத்திருந்தான். பெட்ரோல் கிடையாது. ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில்தான் வண்டி ஓடும். போகிற வழியெல்லாம் டயர் எரிகிற நாற்றம்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் நவமணி ஒரு நாள் இருட்டோடு இருட்டாக வந்தாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன அவள் தம்பி பிச்சை தப்பி வந்திருக்கிறான் என்றாள். விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தாள். டிரசர் போய்ப் பார்த்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். உடம்பு கொதித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசினான். கூட ஓடி வந்தவர் பக்கிரிசாமி என்றான். பக்கிரிசாமியை டிரசருக்குத் தெரியும். குருணுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத் தோட்டத்தில் வேலை செய்தவர். இரண்டு பேரையும் ஒரே லாரியில்தான் ஏற்றினார்கள். தப்பி ஓடும்போது பக்கிரிசாமிக்குக் காய்ச்சல் முற்றி, ஓர் ஆற்றங்கரையில் விழுந்துவிட்டார். நீ போ என்று சொல்லிவிட்டார். ஜப்பான்காரன் அவரை மறுபடியும் முகாமுக்கு இழுத்துப் போனதைப் பிச்சை புதருக்குள்ளிருந்து பார்த்தானாம்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டலுக்கு விஷயம் எட்டினால் முடிந்தது. நவமணி அழவில்லை.

"மறுபடியும் அங்க போனா அவன் திரும்பி வரமாட்டான், ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

குருணில் மளிகைக் கடை வைத்திருந்த அன்சார் டிரசரின் கூட்டாளி. ஜெராய் மலையடிவாரத்தில் அவருக்கு மரவள்ளித் தோட்டம் இருந்தது. அங்கே ஓர் ஆளை மறைத்து வைப்பது கஷ்டமில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினார்கள். தோட்டத்துக் கடிகாரம் ஏழு காட்டியது. ஆனால் அது ஜப்பான்காரன் வைத்த தோக்கியோ நேரம்; பழைய கணக்கில் ஐந்தரைதான். வானம் இன்னும் கன்னங்கரேலென்று இருந்தது. பனி ரப்பர் மரங்களுக்கு நடுவே புகை மாதிரி நின்றது. பிச்சையைத் தொட்டிக்குள் உட்கார வைத்து, தலை வரைக்கும் கம்பளியால் மூடினார்கள். டிரசரிடம் குளிருக்குச் சட்டை இல்லை. ஒரு கோணிச் சாக்கை மார்பில் வைத்து, கயிற்றால் இடுப்போடு கட்டிக்கொண்டார். முதுகில் மெல்லிய பருத்திச் சட்டை மட்டும்தான்.

வண்டி வேகம் பிடித்ததும் குளிர் அறைந்தது. கண்ணில் நீர் வழிந்தது. விரல்கள் மரத்துப்போய், பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. பாக்கார் ஆராங் ஊரைத் தாண்டும்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார்.

முதுகு குளிரவில்லை.

வியர்வையாக இருக்கும் என்று நினைத்தார். பயத்தில் வியர்க்கும்தானே. ஆனால் இது ஈரமில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி காய்ந்த சூடு. தோள் முதல் இடுப்பு வரைக்கும், ஓர் ஆள் அகலத்துக்கு.

சுங்கை பட்டாணியை விட்டு வெளியேறும் பாலத்தில் காவல். ஜப்பான் சிப்பாய் ஒருவன் டார்ச் விளக்கோடு நின்றான். டிரசர் இறங்கிக் குனிந்து வணங்கினார். இறங்கிய அந்த நொடியில் முதுகில் குளிர் கத்தி மாதிரி இறங்கியது. பாஸைக் காட்டினார். தொட்டியில் இருப்பது காலராக்காரன் என்று மலாயில் சொன்னார்.

சிப்பாய் கம்பளியைத் தொடவில்லை. மூன்று விரலைக் காட்டினான்.

"திகா ஓராங்" என்றான். மூன்று பேர்.

"துவா" என்றார் டிரசர். இரண்டு பேர்தான்.

சிப்பாய் டார்ச்சை வண்டியின் பின் சீட்டில் அடித்தான். அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துணியால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். போ என்று கையை வீசினான்.

டிரசர் ஏறி உட்கார்ந்து வண்டியை மிதித்துக் கிளப்பினார். இஞ்சின் சத்தத்துக்கு நடுவே பின் சீட்டின் ஸ்பிரிங்... கிறீச்... என்றது. வண்டியின் பின்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்தது.

மறுபடியும் முதுகில் சூடு.

அவர் டிரசர். தொட்ட மாத்திரத்தில் சூட்டின் கணக்குத் தெரிந்தவர். வேலை செய்த உடம்பின் சூடு வேறு. வெயிலில் நின்ற உடம்பின் சூடு வேறு. இது காய்ச்சல். மலேரியா முற்றி, நாக்கு வறண்டு, நினைவு தப்பப் போகிற ஆளின் காய்ச்சல்.

இடுப்பில் ஏதோ இறுகியது. சாக்குக் கயிறு நனைந்து இறுகுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பீடோங் தாண்டியது. ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. தொட்டியில் கம்பளி அசைந்தது. பிச்சை தலையை வெளியே நீட்டினான். டிரசரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தான்.

"ஐயா... பக்கிரி அண்ணனை எங்க ஏத்துனீங்க?"

"எந்தப் பக்கிரி?" என்றார் டிரசர்.

"நம்ம பக்கிரிசாமி அண்ணன்தான். என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு." பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே சொன்னான். "மெதுவா விடுங்க, ஐயா. அவருக்குக் குளிருதாம்."

டிரசர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

அப்போது பிடரியில் மூச்சுக் காற்று பட்டது. சூடாக... விட்டு விட்டு.

ஒரு நெற்றி அவர் முதுகில் சாய்ந்தது.

அவர் வேகத்தைக் குறைத்தார்.

ஏன் குறைத்தார் என்று அவருக்கே தெரியாது.

மைல் கல் ஒன்று போனது. இன்னொன்று போனது.

இடப்பக்கம் ஒரு மண் சாலை பிரிந்தது. தோளில் யாரோ தட்டினார்கள். இறங்க வேண்டியவர்கள் தட்டுவார்களே, அதே மாதிரி.

தட்... தட்...

நிறுத்தினார்.

ஸ்பிரிங் மேலே எழுந்தது.

சரளைக் கல்லில் காலடி. மண் சாலைக்குள்... மெல்ல... தேய்ந்து போனது.

முதுகு பனிக்கட்டியானது.

குருணில் அன்சார் பின்கட்டுக் கதவைத் திறந்தபோது டிரசரால் கைப்பிடியிலிருந்து விரலைப் பிரிக்க முடியவில்லை. அன்சார்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து, வெந்நீர் ஊற்றிவிட்டார். பிச்சையைக் கறிகாய் மூட்டைகளோடு மாட்டு வண்டியில் ஏற்றி மலையடிவாரத்துக்கு அனுப்பினார்கள். தொட்டியை விட்டு இறங்கியபோது அவனுக்கு எதுவுமே ஞாபகமில்லை. ஜப்பான்காரன் போகும் வரைக்கும் அங்கேயே கிடந்து பிழைத்துக்கொண்டான்.

டிரசர் வெயில் ஏறிய பிறகு திரும்பினார். அந்த மண் சாலை முனையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கிரிசாமியின் மனைவி இராசாத்தி. விடியற்காலையில் வண்டி நின்ற சத்தம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கேட்டது, யாரை இறக்கிவிட்டீர்கள் என்று கேட்டாள். இஞ்சினைப் பார்க்க நிறுத்தினேன் என்றார் டிரசர்.

"எங்க வீட்டு நாய் யாரைக் கண்டாலும் குரைக்கும், ஐயா" என்றாள் அவள். "இன்னைக்குக் குரைக்கல. வாசல்ல போய் வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் யாரோ கூடவே உள்ள வர்ற மாதிரி ஒட்டி ஒட்டி வந்துச்சு. யாரும் இல்ல."

டிரசர் வண்டியை எடுத்தார்.

அடுத்த வருஷக் கடைசியில், சண்டை முடிந்து, சயாமிலிருந்து மிச்சமிருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களில் சுப்பிரமணியம் என்ற ஒருவர் காலில் அழுகிய புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டுப் போடும்போது டிரசர் பக்கிரிசாமியைப் பற்றி விசாரித்தார். ஒரே கொட்டகையில் படுத்திருந்தவர்கள்தானாம். பொங்கலுக்கு முந்தின நாள் விடியும்போது செத்துப் போனார் என்றார் சுப்பிரமணியம். மறுநாள் பொங்கல் என்று கஞ்சியில் வெல்லம் தேடியது ஞாபகம் இருப்பதால் நாள் மறக்கவில்லை என்றார்.

"காய்ச்சல்ல பிதற்றிக்கிட்டே கிடந்தாரு. குளிருது, குளிருதுன்னாரு. அப்புறம் சிரிச்சாரு. வீடு வந்துருச்சுன்னாரு. அதோட போச்சு."

டிரசர் கட்டுத் துணியின் முனையைக் கிழித்து முடிச்சுப் போட்டார்.

"ஒண்ணுதான் எங்களுக்குப் புரியல" என்றார் சுப்பிரமணியம். "ரெண்டு கையும் முன்னால வளைஞ்சு, விரல் கோத்துக் கிடந்துச்சு. முன்னால யாரோ உக்காந்திருக்க, இடுப்பைக் கட்டிப் புடிச்ச மாதிரி. நாலு பேரு சேர்ந்து பிரிக்கப் பாத்தோம், ஐயா. முடியல. அப்படியேதான் புதைச்சோம்."