சரோஜா அம்மா ஊதிய எஞ்சின்

நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். நான் பயந்த ஆள் என்பது எங்கள் ஊர் தேஹு ரோடில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன், பிரேக் மாட்டிக் கொடுத்த வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று நானே போன் போட்டுக் கேட்பேன். ஆனால் பேய், ஆவி என்றால் மட்டும் பயமே கிடையாது. இருக்கிற பயத்துக்கே நேரம் போதவில்லை, இல்லாததற்கு எங்கே போவது? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்பேனர் பிடித்தவன் நான். காற்று, பெட்ரோல், நெருப்பு, எஞ்சின் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நடராஜன் சார் இங்கே ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவி சரோஜா அம்மாவோடு ஔந்தில் பிளாட் வாங்கிக்கொண்டு போனவர். அவருடைய பழைய அம்பாசிடர், எஞ்சின் பிளாக் வெடித்துப்போய், வருஷக்கணக்காக என் ஷெட்டில்தான் கிடந்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"செல்வம், வேற எஞ்சின் எங்கயாச்சும் கெடைக்குமாப்பா? அம்மாவுக்கு நுரையீரல் சுத்தமா முடியல. வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கோங்கன்னுட்டார் டாக்டர். அந்த வண்டியில முன்சீட்டுல உக்காந்து ஒரு ரவுண்டு போகணுங்கறா. வேற எதுவும் கேக்கல."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கேட்ட இடமெல்லாம் டீசல் எஞ்சின்தான் இருந்தது, இவருக்கு வேண்டியது பெட்ரோல். கடைசியில் சாக்கன் தாண்டி ஒரு பழைய இரும்பு யார்டில், தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று அகப்பட்டது. யார்டுக்காரர் தலையிலேயே கையை வைத்துக்கொண்டு மராத்தியில் சத்தியம் செய்தார். "ஏக்தம் சாங்லா ஆஹே, பாவு!" நல்ல எஞ்சின்தான், பொய்யில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. டெம்போவில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் சார் போன் செய்தார், அம்மா எஞ்சினைப் பார்க்கணும் என்று அடம்பிடிக்கிறாளாம்.

ஔந்தில் கேட் ஓரமாக டெம்போவை நிறுத்தினோம். வாட்ச்மேன் கத்திக்கொண்டிருக்கும்போதே சரோஜா அம்மா மூக்கில் குழாயோடு மெதுவாக நடந்து வந்தார். பின்னால் சார் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவின் கையில் குங்குமச் சிமிழ்.

"பழைய எஞ்சின்மா இது, இதுக்குப் போயி பொட்டா?" என்றேன்.

"நம்ம வீட்டுக்குப் புதுசுதானேடா. உன் கல்யாணத்துக்கு நீ மட்டும் என்ன புதுசாவா இருந்த? நகமெல்லாம் கிரீஸ்!"

சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. அவர் மூச்சு விடுவதையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டியாக இரண்டு மூச்சு, ஒரு நிறுத்தம், அப்புறம் விசில் சத்தத்தோடு நீளமாக ஓர் இழுப்பு. பொட்டு வைக்கப் போன இடத்தில் தூசி இருந்தது. குனிந்து ஊதினார். இருக்கிற மூச்சே போதாதவர், நம்புங்கள், பலம் கொண்ட மட்டும் ஊதினார். கார்புரேட்டர் உட்காரும் வாய், எஞ்சினுக்குள் காற்று போகிற வழி, அங்கேதான் திறந்து கிடந்தது. தூசி உள்ளே போய்விடுமே என்று எனக்குப் பதறியது. அவர் பொட்டு வைத்து முடித்ததும் பையிலிருந்த சுத்தமான துணியைச் சுருட்டி அந்த வாயில் அடைத்துவிட்டேன். எந்த மெக்கானிக்கும் செய்வதுதான். எஞ்சினின் வாயைத் திறந்தபடி விடக்கூடாது, ஒரு சின்ன நட்டு விழுந்தாலும் எல்லாம் போச்சு.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். எஞ்சின் மரக்கட்டைகள் மேல் இருந்தது. பேட்டரி கிடையாது, பெட்ரோல் கிடையாது, பிளக்கைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். அந்தத் துணி அசைந்தது.

காற்று என்று நினைத்து ஷட்டரை இறக்கினேன், ஃபேனையும் நிறுத்தினேன். துணி நிற்கவில்லை. மெல்ல உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது, அடங்கியது. ஒரு நிறுத்தம். அப்புறம் நீளமாக உள்ளே இழுபட்டது. திரும்பவும் அதே மாதிரி. கையைக் கிட்டே கொண்டுபோனேன், வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. ஒரு தடவை துணி ஆழமாக உள்ளே போனது. வெளியே வரவில்லை. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன், சட்டைப் பையில் போன் அடிக்கிறது.

"போயிட்டாப்பா செல்வம். மூச்ச உள்ள இழுத்தா. விடுவா விடுவான்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

துணி அப்புறம் அசையவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வண்டியை முடித்துவிடு என்றார் சார். முடித்தேன். ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங், அதாவது நின்ற இடத்தில் ஓடும் ஓட்டம், சரியாக இல்லை. சின்னதாக இரண்டு துடிப்பு, ஒரு நிறுத்தம், ஓர் இழுப்பு. கார்புரேட்டரை மாற்றினேன், பாயிண்ட் மாற்றினேன், பிளக் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. சார் காலியான முன்சீட்டில் கையை வைத்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத சரி பண்ணிடாத செல்வம்" என்றார்.

வண்டி என் ஷெட்டிலேயேதான் நிற்கிறது. சாவியைத் திருப்பி நிறுத்தும்போது நான் பானெட்டைத் திறந்து கார்புரேட்டர் வாயில் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். கடைசியாக ஒரு காற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்கிறது, வெளியே விடுவதில்லை. மறுநாள் காலை, ஸ்டார்ட்டர் சுற்றுவதற்கு முன்பே, அந்த வாயிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு மூச்சு என் கையில் படும். அதற்கப்புறம்தான் எஞ்சின் பிடிக்கும்.

இப்போது சார் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்டேஷனில் சாவியை என் கையில் வைத்து மூடினார்.

"தெனமும் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிடுப்பா. பாவம், அவ எவ்வளவு நேரந்தான் அடக்கிக்கிட்டு இருப்பா."

காய்ச்சலானாலும் மழையானாலும் தினமும் போய்த் திருப்பிவிடுகிறேன். ஆனால் அந்தத் துணியைப் பற்றியோ, காலையில் என் கையில் படும் மூச்சைப் பற்றியோ, சாரிடம் நான் இன்றுவரை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.