பை கட்டாத பூசை

வளைகுடாவுல, அல் கூஸ் லேபர் கேம்ப்ல அந்த ரூமுக்கு எட்டுக் கட்டில், ஒரு சாமி. சாமி இருக்குறது அழகுமலையோட இரும்பு பீரோவுக்குள்ள, கதவோட உள்பக்கம் ஒட்டுன முருகன் படம். அதனால பூசாரியும் அவருதான். மந்திரமெல்லாம் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான்: சூடம் கொளுத்துறதுக்கு முன்னாடி கட்டில் மேல ஏறி, சீலிங்ல இருக்குற புகை அலாரத்தை பிளாஸ்டிக் பையால மூடிக் கட்டணும். இல்லேன்னா மொத்தக் கேம்பும் ரோட்டுக்கு வந்துரும்.

பங்குனி உத்திரத்துக்குப் பொங்கல் வைக்கணும்னு அவருக்கு ஆசை. அன்னைக்குப் பாத்து டூட்டி. லீவு அதே ரூம் பாலகுருவுக்கு.

"உங்க டூட்டிய நான் பாக்குறேண்ணே. எனக்கு முந்திரி மட்டும் எடுத்து வைங்க"ன்னுட்டுப் போனான் பாலகுரு. வம்புதும்புக்குப் போகாத பய. அடுத்தவன் சோப்பைக்கூடத் தொடமாட்டான். கேம்ப்ல அது சந்நியாசத்துக்குச் சமம்.

மத்தியானம் சைட்ல சாரம் சரிஞ்சுச்சு. அழகுமலை நிக்க வேண்டிய எடத்துல பாலகுரு நின்னான். முதுகெலும்பு போச்சு. இனிமே நடக்க மாட்டான்னுட்டாங்க.

சாயந்தரம் ரூம்ல பொங்கல் ஆறிக் கெடக்கு, ஓரத்துல பாலகுருவோட முந்திரி. பக்கத்துக் கட்டில் சேதுராமன் தோளைத் தட்டுறான்.

"முருகன் உன்னைக் கைவிடல மாமா. பூசை செஞ்சவனக் காப்பாத்திட்டான் பாத்தியா. ஒரு தேங்கா ஒடைச்சிரு."

அழகுமலை அந்தக் கையத் தட்டி விட்டாரு. "அப்ப பாலகுருவ முறிச்சது யாருடா? அது வேற டிபார்ட்மெண்டா?"

"அது அவன் கர்மம்."

"அவன் கர்மம் இல்லடா. என் டூட்டி."

சேதுராமன் வாயி சும்மா இருக்குமா? பஸ்ல, மெஸ்ஸுல எல்லாம் பரப்பிட்டான். அடுத்த ரூம்காரனுக வந்து அழகுமலையத் தொட்டுப் பாத்துட்டுப் போனானுக, அதிர்ஷ்டக்காரனாம். ஒவ்வொருத்தன் தொடும்போதும் போயிக் குளிக்கணும்போல இருந்துச்சு. அவரு பீரோவத் தொறக்குறதையே விட்டுட்டாரு. இனி சூடமும் கெடையாது, தேங்காயும் கெடையாது. சட்டையெல்லாம் கொடிக்கயித்துக்கு வந்துருச்சு.

பாலகுருவ ஊருக்கு அனுப்பப் போறாங்கன்னதும் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நாலு திட்டுத் திட்டுவான்னு நம்பித்தான் போனாரு.

"நீங்க நின்னிருந்தா உசுரே போயிருக்கும்ணே, உங்களுக்குச் சுகர் வேற"ங்குறான் அவன். "முருகன் பாத்துக்கிட்டான். நான் போறதுக்குள்ள எனக்காக ஒரு தேங்கா ஒடைச்சிருங்க."

இவனுமா? காலையும் புடுங்கிட்டு, கும்புடும் வாங்கிக்கிட்டானே மேல இருக்குறவன். காறித் துப்பணும்போல இருந்துச்சு. தரை பளபளன்னு கெடந்துச்சு, முழுங்கிக்கிட்டாரு.

ஆனா கேட்டது பாலகுரு. தட்ட முடியல. லீவு நாள் மத்தியானம் பீரோவத் தொறந்தாரு. தேங்காய ஒடைச்சாரு. தட்டு நெறையச் சூடத்தைக் கொட்டிக் கொளுத்துனாரு. கட்டில் மேல மட்டும் ஏறல.

அலாரம் அலறுச்சு. லுங்கியும் துண்டுமா மொத்தக் கேம்பும் வெயில்ல நின்னுச்சு. சேதுராமன் தலை நெறையச் சோப்பு நொரை.

"பை கட்ட மறந்துட்டியா மாமா?"

"மறக்கல. கேக்குதான்னு பாத்தேன்."

"யாருக்கு?"

அழகுமலை அண்ணாந்து பாத்தாரு. வாட்ச்மேன் வந்து சத்தத்த நிறுத்துனதும் உள்ள போயி, தேங்கா மூடி ரெண்டையும் துண்டுல முடிஞ்சுக்கிட்டு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நடந்தாரு. முருகனுக்கு ஒரு சில்லுகூட வைக்கல.