ஒப்பாரியில் ஒரு வரி

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மறதியும் கூடிவிட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனிசன் காலமானபோது, வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்ப்பதற்காகச் செத்தவீட்டை வீடியோ எடுத்தார்கள். கொழும்புத்துறையில் எங்கள் பக்கம் அது வழக்கம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், அன்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி சொன்னேன். அதில் ஒரு வரி:

"தலைப்பிள்ளையைத் தாட்ட இடம் சொல்லாமல் போறியளே."

சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து போன வழியில் எங்கள் முதல் குழந்தை காய்ச்சலில் இறந்தது. நானும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன். அவர் தனியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். எங்கே தாட்டது என்று அவர் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நானும் கேட்கவில்லை. செத்த பிறகுதான் கேட்டேன்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் கலைவிழா. பேத்தி ஆடுகிறாள் என்று போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டி, காட்போட் மட்டையில் செய்த தோணி ஒன்றைச் சுற்றி இருந்து பாடினார்கள்.

"உதென்னடியப்பா, செத்தவீட்டைத் தூக்கி மேடையிலை வைச்சிருக்கினம்!" என்று பக்கத்துக் கதிரையில் இருந்த மனிசி சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு நான் சொன்ன அந்த வரி வந்தது. எழும்பிப் போய்ப் பைப்படியில் முகம் கழுவினேன்.

மகள் போய், அது என் ஒப்பாரி என்று தமிழ் ரீச்சரிடம் சொல்லிவிட்டாள். ரீச்சர் அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தார். செத்தவீட்டு வீடியோ, போன் போனாகச் சுற்றி அவரிடமும் போயிருக்கிறது.

"நாட்டார் பாடல் எண்டு நினைச்சிட்டன் அம்மா. 'ஆக்கியவர் தெரியாது' எண்டு போட்டுப் புத்தகம் அடிக்கக் குடுக்க இருந்தனான்."

"அதுக்கென்ன ரீச்சர், பிள்ளையளுக்குப் படிப்பிக்கத்தானே எடுத்தனியள்."

"வகுப்பிலை படிப்பிக்கக் கொஞ்சம் எடுக்கலாம், அதுக்குச் சட்டம் இடம் குடுக்கும். புத்தகமா விக்கிறதெண்டால் உங்களைக் கேக்க வேணும். எழுதாமல் வாயாலை சொன்னாலும் அது உங்கடைதானாம். நானே இப்பதான் ஒராளிட்டைக் கேட்டு அறிஞ்சனான்."

தோணி, பாய், கரையில் காயும் வலை எல்லாம் எங்கள் கரையில் எந்தச் செத்தவீட்டிலும் பெண்கள் சொல்லுகிறவை. அவற்றை என்னுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மற்றதெல்லாம் பொது, எடுங்கோ ரீச்சர். அந்த ஒரு வரியை மட்டும் விடுங்கோ. அது நான் அவரைக் கேட்டது."

"அதிலைதானே அம்மா பாட்டே நிக்குது."

"ஓம். எனக்குத் தெரியும்."

ரீச்சர் புத்தகத்துக்கு எழுதி வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினார்.

புத்தகத்தில் அது இல்லை. ஆனால் பிள்ளைகள் பாடமாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது எங்கள் வீட்டு ஒழுங்கை வழியே அதையும் சேர்த்தே பாடுகிறார்கள். நான் மறிக்கப் போவதில்லை.

பாட்டாக அச்சில் போவதைத்தான் வேண்டாம் என்றேன். இங்கே அந்த வரியை நானே எழுதுகிறேன், அவரைக் கேட்ட கேள்வியாகவே இருக்கட்டும். சட்டத்தைப் பற்றி எழுதியதை ரீச்சர் பார்த்துத் திருத்துவார். குழந்தை இறந்தபோது நாங்கள் தங்கியது சாவகச்சேரிப் பக்கமா, அதற்கும் அப்பாலா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்த வழியில் எங்களோடு நடந்தவர்கள் யாராவது இருந்தால் எந்த இடம் என்று சொல்லுங்கள்.