இலைக்காரர் நிற்கும் இடங்கள்

சாவி வெட்டும் முகுந்தனின் கடைக்கு வந்ததும் திருச்செல்வம் நின்றுவிடுவார். தோளில் இருக்கும் வாழை இலைக் கட்டை இறக்கமாட்டார். ஒரு கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு, "என்ன முகுந்தா, மாமியாருக்கு முட்டி வலி தேவலையா?" என்று கேட்பார். அதோடு வாயை மூடிக்கொள்வார். முகுந்தன் மாமியாரின் முட்டியில் ஆரம்பித்து, மைத்துனன் வாங்கிய பழைய கார், சிங்கப்பூரில் இருக்கும் மகன் போன் பண்ணாத வருத்தம் வரைக்கும் போய்த் திரும்புவார். திருச்செல்வம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். கடைசியில், "சரி, பாப்போம்" என்று கட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்புவார்.

அடுத்த நிறுத்தம் பூக்கடை. அங்கே பூக்கார அக்காவின் மகளுக்குப் பரீட்சை. அதற்கடுத்து மோனோரயில் பாதைக்குக் கீழே கைப்பேசி உறை விற்பவனின் காதல் விவகாரம். இத்தனையும் தாண்டித்தான் அவர் இலை போடும் சாப்பாட்டுக் கடையின் பின்வாசல் வரும். வேனை நிறுத்தும் இடத்துக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான். அதைக் கடக்க அவருக்கு ஒரு கோப்பி ஆறும் நேரம் பிடிக்கும். "மனுஷன்னா அவருதான் லா. எவ்வளவு வேல இருந்தாலும் நின்னு ஒரு வார்த்த கேக்காமப் போகமாட்டாரு" என்று பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவருக்கு நல்ல பேர். அந்தப் பேருக்கு முழுச் சொந்தக்காரர் அவர் இல்லை. பாதிப் பங்கு அவருடைய நுரையீரலுக்குச் சேர வேண்டும்.

நடந்தால் மூச்சு வாங்கும். இளவயதில் பிடித்துக்கொண்ட சிகரெட், டெங்கிலில் வாழைத் தோட்டத்துச் சருகை எரித்த புகை, அவ்வப்போது வந்து ஊரையே மூடிப்போடும் புகைமூட்டம், எல்லாம் சேர்ந்து உள்ளே வேலையைக் காட்டிவிட்டன. நுரையீரல் அடைப்பு நோய் என்றார் டாக்டர். போனது போனதுதான், மிச்சம் இருப்பதை வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சிகரெட்டை அன்றைக்கே விட்டார் திருச்செல்வம். விடாதது வீம்பு. "எனக்கு முடியலன்னு தெரிஞ்சாப் போதும், மறுநாளே வேற ஆளு வந்து எல போட்டுட்டுப் போயிருவான். எவன்கிட்டயும் மூச்சு விடாத" என்று மனைவி மலரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்.

மூச்சு முட்டும்போது பேச முடியாது. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கலாம். ஒரே ஒரு கேள்வியை எடுத்துப் போட்டால், எதிராளி பேசி முடிப்பதற்குள் இவருக்கு நெஞ்சு அடங்கிவிடும். இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தந்த வித்தை போனில் வந்தது. மருத்துவமனைக்கு வாரா வாரம் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வீடு இருக்கும் செந்தூலில் இருந்து அந்த நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும் என்று இவர் தட்டிக்கழித்தார். அதற்கென்ன, வீட்டில் இருந்தபடியே செய்யுங்கள் என்று வீடியோ வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். தப்பிக்க வழி இல்லை. இலை போட்டுவிட்டு வீடு திரும்பும் முற்பகலில் மலர் போனை மைலோ டின்னில் சாய்த்து வைப்பார். திரையில் குமுதா என்ற பயிற்சியாளர் தோன்றுவார். திருச்செல்வத்துக்கு மகள் வயதுதான், ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். குமுதாவைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களில் இன்னும் சில மூச்சுக்காரர்கள்.

கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும், மறுபடி எழ வேண்டும். முதல் நாள் இவர் போனைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே தோளை மட்டும் ஆட்டினார்.

"அங்கிள், எந்திரிச்சா தல மேல போகணும். உங்க தல அங்கயே இருக்கு" என்றார் குமுதா.

மலர் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு திருச்செல்வம் ஏமாற்றவில்லை. முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டார். உலகத்தில் அவர் அதைச் சொன்ன ஒரே இடம் அந்தத் திரைதான்.

மூச்சை மெதுவாக விடுவதற்குக் குமுதா படித்துவிட்டு வந்த பாடம் ஒன்று இருந்தது. "மொதல்ல பூவ மோந்து பாருங்க. அப்புறம் மெழுகுவத்திய ஊதி அணைங்க." எல்லோரும் மூக்கைச் சுளித்து உதட்டைக் குவித்தார்கள். கேரித் தீவில் இருந்து சேர்ந்திருந்த வள்ளியம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டார்.

"சாமிக்கு வைக்கிற பூவ மோந்து பாக்கலாமா, தாயீ? வெளக்க வாயால ஊதுனா குடும்பத்துக்கு ஆகுமா?"

"இது மெழுகுவத்திதான ஆன்ட்டி."

"எதா இருந்தா என்ன? நெருப்பு நெருப்புதான்."

அப்போது திருச்செல்வம்தான் வழக்கைத் தீர்த்து வைத்தார். "டீச்சர், கோப்பின்னு வச்சுக்குங்க. மோந்து பாத்துட்டு ஊதிக் குடிக்கிறதுக்கு எந்தச் சாமியும் கோவிச்சுக்காது." வள்ளியம்மாவும் அதற்குச் சம்மதித்தார். அன்று முதல் அந்த வகுப்பில் எல்லோரும் இல்லாத கோப்பியை ஊதினார்கள்.

திருச்செல்வத்துக்கு அது இன்னொரு வகையில் லாபமாகப் போயிற்று. தெருவில் சும்மா உதட்டைக் குவித்து ஊதினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? கையில் கோப்பி இருந்தால் கேள்வியே இல்லை. ஒருநாள் ஞாபகப் பிசகில் ஐஸ் போட்ட கோப்பியை வாங்கிக்கொண்டு மெய்மறந்து ஊதிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கடையின் கல்லாவில் இருக்கும் தங்கமணி, "அண்ணே, ஐஸு சுடுதா?" என்று கேட்டுவிட்டார். "பழக்க தோஷம்மா" என்று சமாளித்தார்.

எந்த நாளில் என்று அவருக்கே தெரியாது. ஒரு காலை, இலைக் கட்டைச் சமையல்கட்டில் இறக்கிவைத்த பிறகுதான் உறைத்தது, வழியில் எங்கேயும் நிற்கவில்லை என்று. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு வாங்கியது, ஆனால் திணறவில்லை. அங்கேயே வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். "மலரு, நிக்காம வந்துட்டேன்." அந்தப் பக்கம் மலர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று இவருக்குத் தெரிந்தது. இவருக்கும் கண் கலங்கியது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஐயாவைப் பிடிக்க முடியவில்லை. ஒரே சீராக நடங்கள், நடக்கும்போது பேசாதீர்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். டீச்சர் சொன்னால் சொன்னதுதான். கட்டைத் தோளில் ஏற்றினால் நேராகப் பின்வாசல். முகுந்தனுக்கு ஒரு கையசைப்பு, பூக்கார அக்காவுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இலைக்காரருக்கு என்ன கோபம் என்று முதலில் கேட்டார்கள். பிறகு, நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டது போல என்றார்கள். இடம் வாங்கிவிட்டார், இனி நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இதெல்லாம் காதில் விழுந்தபோது திருச்செல்வம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நோயாளி என்று பரிதாபப்படுவதற்குப் பதில் பணக்காரன் என்று பொறாமைப்படட்டுமே, என்ன நஷ்டம்?

நஷ்டம் என்னவென்று தங்கமணி சொல்லித்தான் தெரிந்தது. இலைகளை வாங்கி வைத்துக்கொண்டே, "சாவிக்கடக்காரரு சம்சாரம் இப்ப எப்படி இருக்காங்கண்ணே?" என்று கேட்டார். இவர் விழித்தார். "தெரியாதா? கிட்னி போயிருச்சாமே. டயாலிசிஸுக்குப் போய்க்கிட்டு இருக்காங்க, ஒரு மாசம் இருக்கும். ஒங்களுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

திருச்செல்வத்துக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஒரு மாதமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் கையை வேறு ஆட்டியிருக்கிறார். நிற்காமல் நடந்ததை நினைத்து இத்தனை நாள் பூரித்தவருக்கு இப்போது அதே நடை கூசியது.

செந்தூலில் இன்னொரு கடைக்குப் போட வேண்டிய இலைகள் வேனில் கிடந்தன. ஏறி உட்கார்ந்து கிளப்பியவர், முகுந்தன் கடைக்கு எதிரே ஓரங்கட்டினார். எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"முகுந்தா, இப்பத்தான் கேள்விப்பட்டேன்..."

முகுந்தன் நிமிரவில்லை. மெஷினில் ஒரு சாவி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "பெரிய ஆளுங்களுக்கு இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுதாண்ணே?"

வேலை அதிகம், தலைக்கு மேல் தொல்லை என்று ஒரு பொய் திருச்செல்வத்தின் நாக்கு நுனிக்கு வந்தது. சொல்லியிருந்தால் முகுந்தன் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பார். பொய்யை விழுங்கிவிட்டு, டீச்சரிடம் மட்டும் சொல்லிப் பழகியதை முதல்முறையாகத் தெருவில் வைத்துச் சொன்னார்.

"எனக்கு லங்ஸ் கெட்டுப்போச்சு முகுந்தா. நடந்தா மூச்சு வாங்கும். இத்தன நாளும் இங்கக்குள்ள நின்னது அதுக்குத்தான். இப்ப போன்ல ஒரு எக்சசைஸ் கிளாஸ் போறேன், கொஞ்சம் பரவால்ல. அதான் நிக்காமப் போனேன். வேற ஒண்ணுமில்ல."

மெஷின் நின்றது. முகுந்தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

"அப்ப நீங்க எனக்காக நிக்கல."

திருச்செல்வத்தின் கை வழக்கம்போலத் தூணில் ஊன்றியது.

"எம்மவன் போன் பண்ணலன்னு ஒங்ககிட்டத்தான சொல்லி அழுதேன். அப்பல்லாம் நீங்க மூச்சு வாங்கிக்கிட்டு நின்னீங்க. இந்தத் தூணும் நானும் ஒண்ணு. அப்படித்தானண்ணே?"

மூச்சுக்காக நின்றது நிஜம். கேட்டதெல்லாம் மனதில் தங்கியதும் நிஜம். மாமியாருக்கு எந்தக் காலில் வலி என்று அவருக்குத் தெரியும். அந்த மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டதும் உண்டு. அதை இப்போது எடுத்துச் சொன்னால் சமாளிப்பாகத்தான் கேட்கும். நோயை மறைக்கத் தெரிந்த மனிதருக்குப் பிரியத்தைக் காட்டத் தெரியவில்லை. பாவம்தான்.

சட்டென்று திரும்பி வேனை நோக்கி நடந்தார். முகுந்தன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெயில் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் வேனுக்குள் இலைகள் வாட ஆரம்பித்துவிடும்.

எஞ்சின் சத்தம் அடங்கியது. திருச்செல்வம் வேன் கதவைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். கடைக்குள் குனிந்து நுழைந்து, முக்காலியின் மேல் கிடந்த குடையையும் பழைய பூட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு முக்காலியை முகுந்தனின் முழங்காலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.