ஈர்க்கில் சுற்றிய புழு

எங்கள் ஊர்ப் படிக்கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு வாடை உண்டு; பாசியும் பித்தளைக் குடமும் எருமை நின்றுபோன சேறும் கலந்த வாடை. இரண்டாம் உலக யுத்த காலம், எனக்கு ஒன்பது வயது. வலது முழங்காலுக்குக் கீழே கொப்புளம் வெடித்து நெருப்பாய் எரிந்த காலை அந்தத் தண்ணீரில் இறக்கியபோது கிடைத்த குளுமை இன்னும் நினைவிருக்கிறது, குமட்டலோடுதான் நினைவிருக்கிறது. கால் நனைந்ததும் புண்ணிலிருந்து பால்போல ஏதோ கசிந்து பரவும்; அதே படியில் நின்றுதான் அம்மா குடிதண்ணீர் முகப்பாள்.

வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே, மலைத் தண்ணீர் எட்டாத கரிசல் ஊர் எங்களுடையது. அந்த நோயை "நரம்புச் சிலந்தி" என்றார்கள். குடித்த தண்ணீரோடு உள்ளே போன ஒன்று, ஒரு வருஷம் உடம்புக்குள்ளேயே வளர்ந்து, இரண்டு முழ வெள்ளை நூலாகி, காலைத் துளைத்துத் தலை நீட்டும். மருந்து கிடையாது. நீட்டிய தலையைப் பனையோலை ஈர்க்கில் மாட்டி, நாளுக்கு ஒரு விரற்கடை சுற்றி, ஈர்க்கைக் காலோடு வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். நடுவில் அறுந்தால் மிச்சம் உள்ளே கிடந்து அழுகும், கால் போய்விடும். தினமும் காலையில் அம்மாதான் சுற்றுவாள். "மூச்சப் பிடிச்சுக்கலே, இழுக்கப்படாது, அதுவா வரணும்" என்பாள். தெருவில் வீட்டுக்கு ஒரு கால் இப்படிக் கட்டுப்போட்டுக் கிடந்ததால், யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

ஒருநாள் சைக்கிளில் வந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் கிணற்றடியில் நின்று, புண்ணோடு தண்ணீரில் இறங்காதீர்கள், புழுவின் குஞ்சுகள் அதில் கலக்கும், துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். "வடிச்சிக் குடிக்கதுக்கு இது என்ன கள்ளா, அண்ணாச்சி?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. கிணறே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், தண்ணீரில் காலை ஊறவைத்தபடி நானும் சிரித்தேன்.

மூன்று வாரத்தில் பாதிப் புழு ஈர்க்குக்கு வந்திருந்தது. அப்போது குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்தது. "அது மூலிகைத் தண்ணில்லா மயினி! ஒரு தடவ நிண்ணாப் போதும், மிச்சத்தையும் அருவியே உருவிட்டுப் போயிரும்" என்று அம்மாவிடம் சொல்லிச் சித்தப்பா என்னை மாட்டுவண்டியில் ஏற்றினார். அம்மாவுக்கு மனமில்லை. "சுத்துனதுதான் சுத்தியாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, ஈர்க்கின் மேல் இன்னொரு சுற்றுத் துணி கட்டி அனுப்பினாள்.

பெரிய அருவிக்குக் கீழே, எண்ணெய் வழியும் உடம்புகளுக்கு நடுவே சித்தப்பா என்னைத் தூக்கி நிறுத்தினார். கல்லை எறிவதுபோல் தண்ணீர் விழுந்தது. முதலில் துணி போயிற்று. பிறகு காலுக்குள் சுண்டி இழுத்த ஒரு வலி, தொடை வரை ஏறி நின்றது. குனிந்து பார்த்தேன், ஈர்க்கு இல்லை. "போயிட்டுலே! நான் சொன்னம்லா?" என்று சித்தப்பா கூவினார். சுற்றி நின்றவர்கள், என் புழு போன தண்ணீரையே கையில் ஏந்திக் கொப்பளித்துக்கொண்டு, நல்லது நல்லது என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

தென்காசி தாண்டுவதற்குள் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அறுந்த மிச்சம் உள்ளே சுருண்டுகொண்டது. ஐந்து மாதம் சீழ் வடிந்தது. அம்மா மூக்கைச் சுளிக்காமல் துடைத்தாள், எனக்குத்தான் என் வாடை பொறுக்கவில்லை. காலை வெட்டவில்லை, அவ்வளவுதான். முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் வாத்தியாருக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். "மரியாதை தெரியாத பய, எந்திரிச்சுப் போலே" என்றார் அவர். எழுந்து போனவன்தான், நின்றபடி செய்யக்கூடிய வேலை எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் போனேன்.

போன வருஷம் தென்காசியில் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குப் பக்கத்தில் சுண்ணாம்பாய் இறுகிப்போன ஒரு வெள்ளைச் சுருள். இளம் டாக்டர் அது என்னவென்று தெரியாமல் என்னிடமே கேட்டார். சொன்னதும் மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நாட்டை விட்டே ஒழிந்துபோன புழுவாம். அவர்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லையாம். எந்த ஊசியாலும் மருந்தாலும் ஒழியவில்லை, தண்ணீரை வடிகட்டிக் குடித்தே ஒழித்தார்கள் என்று அந்தப் பிள்ளை வியந்து சொன்னார்.

எனக்கு வியப்பு வரவில்லை. குடத்து வாய்க்கு ஒரு முழத் துணி போதும் என்று அன்றைக்கே ஒருவர் வந்து சொன்னார். அம்மாவிடம் துணி இருந்தது. தினமும் அதை என் காலில்தான் கட்டினாள்.